வீட்டு ஸ்டூடியோவுக்கு ஒரு சம்மிங் மிக்சர்: கரன்ட் தேவையில்லாத பெட்டியை நாமே செய்யலாம்

டிராக்குகளைக் கம்ப்யூட்டருக்குள் கூட்டாமல், வெளியே எடுத்து இடது, வலது என இரண்டு சேனலாகக் கூட்டும் பெட்டிதான் சம்மிங் மிக்சர். அதை வாங்கினால் மிக்ஸ் அகலமாகும், ஆழம் கூடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெசிஸ்டர்களால் ஆன சம்மிங் பெட்டிக்கென்று தனிக் குணம் எதுவும் கிடையாது. உள்ளே வரும் சிக்னல்களைக் கூட்டும், கூடவே அளவைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒலியில் கேட்கும்படி ஏதாவது மாறினால், அது பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஆம்பின், அதாவது சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் கருவியின், வேலை. அதனால்தான் பெட்டியை நாமே செய்துகொண்டு, மிச்சப் பணத்தை ப்ரீஆம்பில் போடச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் கூட்டல் மோசம் என்று நினைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம். இன்றைய ரெக்கார்டிங் மென்பொருள்கள் 32 அல்லது 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் கணக்குப் போடுகின்றன. அந்தக் கூட்டலில் காதுக்கு எட்டும் பிழை எதுவும் இல்லை. அனலாக் பக்கம் போவது அந்தப் பக்கத்தின் கறைக்காகத்தான்: டிரான்ஸ்ஃபார்மரின் லேசான டிஸ்டார்ஷன், இரண்டு சேனல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வித்தியாசம். அந்தக் கறை பிடித்தால் இறங்கலாம். பிடிக்காதவர்களுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம்.

இந்த வகைக்குக் கடையில் கிடைக்கும் நல்ல உதாரணம் ரோல் மியூசிக் நிறுவனத்தின் ஃபோல்க்ரோம். 16 சேனல், உள்ளே பவர் சப்ளை இல்லை, வெளியே உங்கள் மைக் ப்ரீஆம்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் செய்யப்போவதும் அதே யோசனைதான், 8 சேனலில்.

முதலில் அவுட்புட்களை எண்ணிப் பாருங்கள்

சம்மிங்குக்கு இன்டர்ஃபேஸில், அதாவது கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பெட்டியில், நிறைய லைன் அவுட்புட்கள் வேண்டும். இரண்டே அவுட்புட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 போன்றவற்றில் பின்பக்கம் 10 பேலன்ஸ்டு லைன் அவுட் இருக்கும். 1, 2 ஸ்பீக்கருக்கு. 3 முதல் 10 வரை சம்மிங்குக்கு. கணக்கு சரியாக உட்காருகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் 1, 2-ஐ சம்மிங்குக்கும் எடுக்காதீர்கள். பல இன்டர்ஃபேஸ்களில் முன்பக்க மானிட்டர் குமிழ் அந்த இரண்டையும் கட்டுப்படுத்தும். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கப் போய் மிக்ஸில் டிரம்ஸ் குறைந்துபோகும்.

அவுட்புட் குறைவாக இருந்து, ஆனால் ஏடாட் ஆப்டிக்கல் அவுட் (எட்டு சேனலை டிஜிட்டலாக ஒரே ஒளியிழையில் அனுப்பும் இணைப்பு) இருந்தால், பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற ஒரு பெட்டியைச் சேர்த்தால் 8 அனலாக் அவுட் கிடைக்கும். அதன் அவுட்புட்கள் எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின் இணைப்பு) என்பதால் கேபிளை அதற்கேற்ப வாங்க வேண்டும்.

சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது

பேலன்ஸ்டு சிக்னலில் ஹாட், கோல்ட் என இரண்டு கம்பிகள், கூடவே கிரவுண்ட். ஹாட்டில் போகும் சிக்னலே கோல்டில் தலைகீழாகப் போகும். இடது பக்கத்துக்கு நான்கு இன்புட், வலது பக்கத்துக்கு நான்கு இன்புட். ஒவ்வொரு இன்புட்டின் ஹாட்டிலிருந்தும் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், அந்தப் பக்கத்தின் ஹாட் பஸ்ஸுக்குப் போகும். கோல்டிலிருந்து இன்னொரு 4.7 கிலோ ஓம், கோல்ட் பஸ்ஸுக்கு. பஸ் என்றால் வெறும் செம்புக் கம்பிதான். இடது ஹாட், இடது கோல்ட், வலது ஹாட், வலது கோல்ட் என மொத்தம் நான்கு கம்பிகள். ஒவ்வொரு பக்கமும் ஹாட் பஸ்ஸுக்கும் கோல்ட் பஸ்ஸுக்கும் குறுக்கே ஒரு 220 ஓம். அந்த இரண்டு பஸ்களும் நேராக அவுட்புட் எக்ஸ்எல்ஆருக்குப் போகும். முழு சர்க்யூட்டும் இவ்வளவுதான்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்த 220 ஓமைத்தான். அது இல்லாமலும் பெட்டி வேலை செய்யும். நான்கு இன்புட்டும் சேரும்போது ஒவ்வொன்றும் கால் பங்காகும், அதாவது 12 டெசிபல் குறையும். ஆனால் இரண்டு தொல்லைகள் வரும். ஒரு கேபிளைக் கழற்றினால் மற்ற மூன்றும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு ஏறிவிடும், 2.5 டெசிபல் குதிக்கும். இரண்டாவது, பெட்டியின் அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 2.3 கிலோ ஓமுக்கு மேல் நிற்கும். மைக் ப்ரீஆம்ப்கள், அதிலும் இன்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவை, 150 முதல் 200 ஓம் உள்ள ஒரு மைக்கை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை.

220 ஓம் போட்டதும் பெட்டி ஏறக்குறைய 200 ஓம் இம்பிடன்ஸ் உள்ள மைக் மாதிரி ப்ரீஆம்பின் முன்னால் நிற்கும். குறைவு 33 டெசிபல் ஆகிவிடும். அதற்குப் பதிலாக, ஒரு கேபிள் இருந்தாலும் நான்கு கேபிள் இருந்தாலும் அளவில் 0.6 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வராது. 33 டெசிபல் போய்விடுகிறதே, இரைச்சல் வராதா என்று கேட்கலாம். இந்த இம்பிடன்ஸில் ரெசிஸ்டர்களின் சொந்த இரைச்சல் −130 டெசிபல்யூ அளவில்தான் இருக்கும். நல்ல மைக் ப்ரீஆம்பின் இரைச்சலே அதைவிடக் கொஞ்சம் அதிகம். பாட்டுக்கு இது தாராளம்.

பான் குமிழ் (ஒலியை இடது, வலது பக்கம் நகர்த்துவது), வால்யூம் குமிழ் எதையும் வைக்கவில்லை. அந்த வேலையெல்லாம் மென்பொருளில் நடக்கட்டும். பெட்டியில் குமிழ் வைத்தால் இடது வலது பொருத்தம் கெடும், நேற்று வைத்த மிக்ஸை இன்று திரும்ப எடுக்க முடியாது. நடுவில் நிற்க வேண்டிய குரலுக்குத் தனி ஸ்விட்ச் தேவையா? தேவையில்லை. மோனோ டிராக்கை ஒரு ஜோடி அவுட்புட்டுக்கு நடுவில் அனுப்பினால் இரண்டு பக்கமும் சமமாகப் போய்விடும்.

ஆக்டிவ் சம்மிங் என்று இன்னொரு வகை உண்டு. ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி சிப், பவர் சப்ளை, பிசிபி என்ற சர்க்யூட் போர்டு என்று போகும். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

சாமான்கள்

4.7 கிலோ ஓம், கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 16 தேவை. 30 வாங்குங்கள், காரணம் பிறகு. 220 ஓம் அதே வகை 2 தேவை, கூடுதலாக நாலைந்து. ஸ்விட்ச் இல்லாத 6.35 மி.மீ. ஸ்டீரியோ ஜாக் சாக்கெட் 8. பேனலில் பொருத்தும் ஆண் எக்ஸ்எல்ஆர் 2. தகரம் பூசிய செம்புக் கம்பி, 20 கேஜ், ஒரு மீட்டர். உலோகப் பெட்டி ஒன்று. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவிலேயே எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ரெசிஸ்டரையும் சாக்கெட்டையும் ஆன்லைனில் வாங்கலாம். ரெசிஸ்டரில் காசு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, சாக்கெட்டில் பிடிக்கக் கூடாது. மலிவு சாக்கெட் ஆறு மாதத்தில் தளர்ந்து கரகரக்கும்.

ஐந்து பட்டை ரெசிஸ்டரில் 4.7 கிலோ ஓம் என்றால் மஞ்சள், ஊதா, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. 220 ஓம் என்றால் சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. சின்ன உடம்பில் பட்டை நிறம் ஏமாற்றும். மீட்டரில் வைத்தே பாருங்கள்.

30 வாங்கச் சொன்னது இதற்காகத்தான். எல்லாவற்றையும் மல்டிமீட்டரில் அளந்து ஒரு காகிதத்தில் வரிசையாகக் குத்தி, மதிப்பை எழுதி வையுங்கள். 4.69 உடன் 4.69, 4.71 உடன் 4.71 என்று ஜோடி சேருங்கள். ஒரு ஜோடி ஒரே இன்புட்டின் ஹாட்டுக்கும் கோல்டுக்கும் போக வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால்தான் கேபிளில் புகுந்த ஹம் (மின்சார ரீங்காரம்) ப்ரீஆம்பில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். மீட்டர் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றுக்கொன்று சமமா என்பதுதான் கேள்வி. சேனல்களுக்கு இடையே 1 சதவீத வித்தியாசம் என்றால் 0.1 டெசிபல்கூட இல்லை, அதை விட்டுவிடலாம்.

பெட்டியைத் துளைத்தல்

அலுமினியம் எடுங்கள். எவர்சில்வர் டப்பாவும் உலோகம்தான், ஷீல்டும் ஆகும், ஆனால் அதைத் துளைப்பதற்குள் கை போய்விடும். ஜாக்குக்குச் சுமார் 10 மி.மீ. துளை, எக்ஸ்எல்ஆருக்கு 24 மி.மீ. வாங்கிய சாக்கெட்டை ஸ்கேலில் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்து பெட்டிமேல் ஒட்டி, சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஒரு குழி தட்டி, சிறு பிட்டில் தொடங்கி, பிறகு ஸ்டெப் டிரில் பிட்டில் அகலப்படுத்துங்கள். குழி தட்டாமல் தொடங்கினால் பிட் வழுக்கிக் கோடு போட்டுவிடும். மேல் வரிசையில் இடது பக்கத்து நான்கு ஜாக், கீழ் வரிசையில் வலது பக்கத்து நான்கு. அவுட்புட் எக்ஸ்எல்ஆர் இரண்டும் ஓரமாக. துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, உலோகத் தூளை முழுக்கத் துடைத்த பிறகே சாக்கெட்டை மாட்டுங்கள். ஒரு துகள் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சோல்டரிங்

போர்டு வேண்டாம். ஜாக்கின் காலிலிருந்து பஸ் கம்பிக்கு ரெசிஸ்டரையே பாலமாக வைத்துவிடலாம். ஜாக் வரிசைக்குப் பின்னால் இரண்டு வெற்றுக் கம்பிகளை இணையாக இழுத்துக் கட்டுங்கள். ஒன்று ஹாட், ஒன்று கோல்ட், நடுவே 15 மி.மீ. இடைவெளி. கம்பியை வைஸில் ஒரு முனையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தால் கோணல் போய் விறைப்பாக நிற்கும்.

இனி ஒவ்வொரு ஜாக்காக வாருங்கள். டிப் என்பது ஹாட், ரிங் என்பது கோல்ட், ஸ்லீவ் என்பது கிரவுண்ட். சாக்கெட்டில் எந்தக் கால் எது என்று ஊகிக்காதீர்கள். ஒரு கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியில் மீட்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரெசிஸ்டரின் ஒரு முனையை டிப் காலின் துளையில் நுழைத்து வளைத்து, மறுமுனையை ஹாட் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முதலில் பிடிப்பு, பிறகுதான் ஈயம். அயர்ன் முனையைக் காலிலும் கம்பியிலும் ஒருசேர வைத்து இரண்டு விநாடி சூடு ஏறவிட்டு, ஈயத்தை அயர்னில் வைக்காமல் கம்பியின் மறுபக்கத்தில் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் ஈயம் தானே உருகிக் கம்பியைச் சுற்றி ஓடி, பளபளவென்று படியும். உருண்டையாக, மங்கலாக நின்றால் அது ஒட்டவில்லை; மறுபடி சூடாக்குங்கள். ஈயம் ஆறும் வரை கம்பி ஆடக் கூடாது. 60/40 ஈயமும் 25 வாட் அயர்னும் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

ரிங்கிலிருந்து கோல்ட் கம்பிக்கும் அதே மாதிரி. எட்டு ஜாக்கின் ஸ்லீவ்களையும் ஒரு தனிக் கம்பியால் இணைத்து, இரண்டு எக்ஸ்எல்ஆரின் 1ஆம் பின்னுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு திருகால் பெட்டியின் உடம்போடு சேருங்கள். பெட்டியில் பெயின்ட் இருந்தால் திருகு படும் இடத்தில் சுரண்டிவிடுங்கள். ஹாட் பஸ் 2ஆம் பின், கோல்ட் பஸ் 3ஆம் பின். 220 ஓமை எக்ஸ்எல்ஆரின் 2க்கும் 3க்கும் குறுக்கே நேராகவே வைத்துவிடலாம்.

மீட்டரில் சோதனை

எதையும் செருகாமல் இந்த எண்களைப் பாருங்கள். எக்ஸ்எல்ஆரின் 2க்கும் 3க்கும் இடையே 220 ஓம். ஒரு ஜாக்கின் டிப்பிலிருந்து அந்தப் பக்கத்து 2ஆம் பின்னுக்கு 4.7 கிலோ ஓம். அதே டிப்பிலிருந்து 3ஆம் பின்னுக்கு 4.92. இவை இடம் மாறி வந்தால் ஹாட்டும் கோல்டும் அந்த ஜாக்கில் மாறியிருக்கின்றன. டிப்புக்கும் ரிங்குக்கும் இடையே 9.62 கிலோ ஓம். எந்த டிப்பிலிருந்தும் ஸ்லீவுக்கு எதுவும் காட்டக் கூடாது. இடது பக்கத்து டிப்புக்கும் வலது பக்கத்து எக்ஸ்எல்ஆருக்கும் இடையிலும் எதுவும் காட்டக் கூடாது. எட்டு ஜாக்கையும் முடித்துவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும்.

இணைப்பு, ரூட்டிங்

பேலன்ஸ்டு கேபிள்களையே பயன்படுத்துங்கள். கிட்டாருக்குச் செருகும், பிளக்கில் ஒரே ஒரு கறுப்பு வளையம் உள்ள கேபிள் கோல்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும், பெட்டியின் சமநிலை போய்விடும். 3, 5, 7, 9 இடது வரிசைக்கு. 4, 6, 8, 10 வலது வரிசைக்கு. பெட்டியின் எக்ஸ்எல்ஆரிலிருந்து இரண்டு மைக் ப்ரீஆம்புக்கு. முதல் சோதனைக்கு இன்டர்ஃபேஸில் உள்ள ப்ரீஆம்பே போதும், ஆனால் காம்போ சாக்கெட்டில் எக்ஸ்எல்ஆர் பிளக்கையே செருக வேண்டும். டிஆர்எஸ் பிளக்கை (டிப், ரிங், ஸ்லீவ் உள்ள 6.35 மி.மீ. பிளக்கை) செருகினால் பல இன்டர்ஃபேஸ்களில் அது லைன் இன்புட்டுக்குப் போய்விடும், 33 டெசிபலை மீட்க கெயின் இருக்காது.

கண்டென்சர் மைக்குக்காக ப்ரீஆம்ப் அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் பவரை அணைத்துவிட்டுச் செருகுங்கள். பெட்டியில் கெப்பாசிட்டர் எதுவும் இல்லை, அந்த மின்னழுத்தம் ரெசிஸ்டர் வழியாக இன்டர்ஃபேஸின் அவுட்புட்களுக்கே திரும்பிப் போகும். சில இன்டர்ஃபேஸ்களில் நான்கு சேனலுக்கு ஒரே ஃபான்டம் பொத்தான் இருக்கும். பக்கத்தில் கண்டென்சர் மைக் இருக்கிறதே என்று அதை அழுத்திவிடாதீர்கள்.

மென்பொருளில் டிராக்குகளை நான்கு ஸ்டீரியோ குழுக்களாகப் பிரியுங்கள். தாள வாத்தியங்கள் 3-4, பேஸ் 5-6, கீபோர்டு, கிட்டார், வயலின் போன்றவை 7-8, குரல்கள் 9-10. ரிவெர்பும் ஏதாவது ஒரு குழுவுக்குள் போக வேண்டும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் என்றால் ஒவ்வொரு குழு டிராக்கின் ரூட் பொத்தானை அழுத்தி, மாஸ்டர் சென்டின் டிக்கை எடுத்துவிட்டு, ஹார்ட்வேர் அவுட்புட்டைச் சேருங்கள். மாஸ்டரில் நீங்கள் போட்டிருந்த கம்ப்ரஸருக்கு இனி எதுவும் வராது. அதைத் திரும்பி வரும் டிராக்குக்கு மாற்றுங்கள்.

அப்புறம், பெட்டியிலிருந்து திரும்பி வருவதைப் பதிவுசெய்ய ஒரு புது ஸ்டீரியோ டிராக். அதன் அவுட்புட் 1-2க்கு மட்டுமே போக வேண்டும். தவறி 3 முதல் 10க்குள் எதற்காவது போனால், வந்தது மறுபடி உள்ளே போய்ச் சுற்றி, காதைப் பிளக்கும் ஊளை வரும். முதல் முறை ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

அளவு வைத்தல்

1 கிலோஹெர்ட்ஸ் டோனை −18 டெசிபலில் ஒவ்வொரு அவுட்புட்டாக அனுப்பி, திரும்பி வரும் அளவும் −18 ஆகும் வரை ப்ரீஆம்பின் கெயினை ஏற்றுங்கள். ஒரு பக்கத்தின் நான்கு அவுட்புட்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இடது வலது ப்ரீஆம்ப்களைப் பொருத்த, கண்ணை நம்புவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே டோனை இரண்டு பக்கமும் அனுப்பி, திரும்பி வரும் வலது பக்கத்தின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் மோனோவாகச் சேருங்கள். ஒரு கெயின் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் பள்ளத்தில் விழும். அங்கே நிறுத்துங்கள், டேப்பில் கோடு போட்டு வையுங்கள்.

மென்பொருளுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தாலும் ஃப்ளோட்டிங் பாயின்ட் காப்பாற்றும். அவுட்புட்டில் அது நடக்காது. எந்த ஜோடியாவது 0 டெசிபலைத் தாண்டினால் அங்கேயே வெட்டுப்படும். உச்சங்கள் −6க்குக் கீழே இருக்கட்டும்.

பணம் போக வேண்டிய இடம்

இன்டர்ஃபேஸின் சுத்தமான ப்ரீஆம்பில் இதைக் கேட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரியவும் கூடாது, பெட்டி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குணம் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இரண்டு ஒரே மாதிரி ப்ரீஆம்ப்கள் வேண்டும். 1970இல் வந்த நீவ் 1073 என்ற ப்ரீஆம்பைப் பின்பற்றிப் பலர் செய்கிறார்கள்; கோல்டன் ஏஜ் ப்ராஜெக்டின் ப்ரீ-73 அதில் விலை குறைந்த பக்கம். அவுட்புட் குமிழ் தனியாக உள்ளதாகப் பாருங்கள். கெயினை ஏற்றி, அவுட்புட்டை இறக்கினால் உள்ளே கறை கூடும், வெளியே அளவு அப்படியே இருக்கும். இந்தப் பெட்டியைப் பயன்படுத்தாத நாட்களில் அதே ப்ரீஆம்ப்களில் மைக்கைச் செருகிக் குரல் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் பணம் வீணில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது அளவுகளை 0.1 டெசிபலுக்குள் பொருத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பெட்டி வழியாக வந்த மிக்ஸையும், மென்பொருளுக்குள்ளேயே எடுத்த மிக்ஸையும் சாம்பிள் அளவில் நேர்வரிசையாக வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிச் சேர்த்தால், மிஞ்சுவதுதான் நீங்கள் இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வித்தியாசம். அதிலும் ஒரு பங்கு இன்டர்ஃபேஸுக்குள் டிஜிட்டலை அனலாக்காகவும் அனலாக்கை டிஜிட்டலாகவும் மாற்றும் கன்வெர்ட்டர்களுடையது. இன்டர்ஃபேஸின் ஒரு ஜோடி அவுட்டிலிருந்து நேராக இன்னுக்குக் கேபிள் போட்டு, அதையும் இப்படியே சோதித்தால் அந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

ஏதாவது சரியில்லை என்றால்

ஒரு சேனல் மட்டும் 6, 7 டெசிபல் குறைவாக வந்தால், பெரும்பாலும் அதன் ஒரு ரெசிஸ்டரின் ஈயம் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதும் சத்தமாக இருந்தால் அந்தப் பக்கத்து 220 ஓம் விட்டுப்போயிருக்கும். ஹம் வந்தால் பெட்டியின் உடம்பும் 1ஆம் பின்னும் தொடர்பில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், பிறகு கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மோனோவில் கேட்கும்போது பேஸும் குரலும் காணாமல் போனால் ஒரு பக்கத்து எக்ஸ்எல்ஆரில் 2ஆம் 3ஆம் பின்கள் இடம் மாறியிருக்கின்றன. அதற்குப் பெட்டியைத் திறக்கச் சோம்பலாக இருந்தால், திரும்பி வரும் டிராக்கில் அந்தப் பக்கத்தின் போலாரிட்டியைத் திருப்பிக்கொண்டு அன்றைய வேலையை முடித்துவிடலாம்.